நூல் குடுக்கிற லைப்ரரி

ஒரு ஊர்ல ஒரு லைப்ரரி இருந்துச்சாம். இருந்துச்சாம் என்ன இருந்துச்சாம், இன்னும் இருக்குது, நம்ம காரப்பாறையிலதான், தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல. ராஜா கதை வேணும்னு இப்பவே மூஞ்சியத் தூக்காத மௌனிகா. ராஜா கதை சொல்ற நெலமையில உன்ற அத்தை இன்னிக்கு இல்ல. சாயங்காலம் மாவட்ட ஆபீஸ்ல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு, அதைப் படிச்சதுல இருந்து எனக்குக் காது ரெண்டும் சூடா இருக்குது. இந்தக் கதைதான் வாயில வருது. கேக்கறதுன்னா கேளு, இல்லாட்டி அந்தப் பக்கம் திரும்பிப் படு.

"ம்."

அந்த லைப்ரரியில ஒரு லைப்ரரியம்மா. பேரு சாந்தாமணி.

"அது நீதான அத்தை?"

நான்தான். அப்ப நான்னே சொல்லிடறேன், சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்கும் தெம்பு இல்ல. உனக்குப் போயி மௌனிகான்னு பேரு வெச்சான் பாரு உங்கப்பன், அவனைச் சொல்லோணும். குறுக்க பேசாம 'ம்' மட்டும் கொட்டு.

"ம்."

லைப்ரரின்னா எப்படி? ஆறு அலமாரி, மூவாயிரத்து எண்ணூறு புக்கு, ரெண்டு பெஞ்சு, ஒரு மேசை, ஒரு ஃபேன். அந்த ஃபேன் கிரீச் கிரீச்சுனு ஓடும், காத்து மட்டும் வராது. படிக்க வர்றவங்க தினம் நாலு பேரு. அதுல ஒருத்தர் நஞ்சப்பன் மாமா, போஸ்ட்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. பேப்பரை மூஞ்சிக்கு நேரா விரிப்பாரு, ரெண்டே நிமிசம், பேப்பருக்குப் பின்னால இருந்து கொர்ர், கொர்ர்னு சத்தம் வரும். மத்த மூணு பேரும் அவரை எழுப்பாம பேப்பரை எப்படி உருவறதுன்னு ரோசனை பண்ணிட்டு உக்காந்திருப்பாங்க. அதுலயே மத்தியானம் ஆயிரும்.

ஊர்ல ஆளு இல்லாமயா? சுத்தியும் பதினோரு தறிக்குடோன். டக்கட டக்கட, டக்கட டக்கடன்னு பகல்ல ஒரு ஷிப்டு, ராத்திரி ஒரு ஷிப்டு. உங்கப்பனும் அம்மாளும் இப்ப அங்கதான் நிக்கறாங்க. தறி ஓட்டறவங்க அத்தனை பேருக்கும் லைப்ரரி எங்க இருக்குதுன்னு நல்லாத் தெரியும். வெளியூர்ல இருந்து ஒறம்பரை வந்து வழி கேட்டா, "லைப்ரரியத் தாண்டி லெப்ட்டுல திரும்புங்க"ன்னுதான் சொல்லுவாங்க. தாண்டித் தாண்டியே பழகிட்டாங்க, ஒருத்தருக்கும் உள்ள வரத் தோணல.

அப்போ ஒரு நாள், ஜீப்புல வந்து எறங்கினாரு ஒரு ஆபீசர்.

"பூதமா?"

பூதமா இருந்தாத் தேவலையே. பூதம்னா கேட்டதைக் குடுத்துட்டுப் போயிரும். இவரு உக்காந்து, வர்றவங்க கையெழுத்துப் போடற நோட்டைப் பொரட்டினாரு. சர்ர், சர்ர்னு பக்கம் பக்கமாப் பொரட்டினாரு. "ஏம்மா, தினம் நாலு கையெழுத்துதான் இருக்கு. இருபத்தஞ்சு கையெழுத்தாவது வேணும். மார்ச் மாசம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள வரலேன்னா இந்தக் கிளையை மூடிட்டு, புத்தகத்தை எல்லாம் பெரிய ஊர் லைப்ரரிக்குக் கொண்டு போயிடுவோம்"னாரு.

"அப்ப நானுங்க?"ன்னேன்.

"மலைக்கு மேல ஒரு கிளையில ஆள் இல்ல. உங்களை அங்க போட்டுருவோம்"னாரு, என்னமோ குடையை மாத்தி வெக்கிற மாதிரி.

மலைக்கு மேலன்னா என்ன தெரியுமா? அஞ்சு மணி நேரம் பஸ்ஸு. சனிக்கெழமை வந்து ஞாயித்துக்கெழமை போகோணும். உங்கப்பனும் அம்மாளும் ராத்திரி ஷிப்டுக்குப் போனா உன்னை யாரு பாக்கறது, யாரு சோறூட்டறது? ரெண்டு வயசுல இருந்து நீ இந்த அத்தை மேல காலைப் போட்டுத்தான் தூங்கறே. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல சாமி. அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு.

"ம்."

அந்த ஆபீசரே ஒரு வழியும் சொன்னாரு. நூலக விழிப்புணர்வு நாள். "ஒரு நாள் ஜம்முனு கொண்டாடுங்கம்மா, ஜனங்க தானா வருவாங்க"ன்னாரு. அவரு பாவம், அவருக்கு மேல ஒருத்தர் உக்காந்துட்டு போட்டோ கேக்கறாரு. சரி, அவரு சொன்னதையும் பண்ணிப் பாத்தர்றதுன்னு கெளம்பினேன்.

அப்புறம் மொதக் கூத்து. ஊர்வலம். பள்ளிக்கூடத்துப் புள்ளைக அறுபது பேரு, ஆளுக்கொரு அட்டை. 'நூலகம் செல்வோம்', 'வாசிப்பை நேசிப்போம்'னு எழுதி, குச்சியில ஒட்டி, பத்து மணி வெயில்ல தெருத் தெருவாப் போறோம். நாந்தான் முன்னால போகோணும், கையில பேனர் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் சத்துணவு டீச்சர். தறிச் சத்தத்துல புள்ளைக என்ன கத்துனாலும் யாருக்கும் கேக்கல. டக்கட டக்கட. "வாசிப்பை!"ன்னு நான் கத்தறேன், "நேசிப்போம்!"னு புள்ளைக கத்துது, குடோன்ல இருந்து ஒருத்தன் எட்டிப் பாத்து, "யாருங்க்கா எலெக்சன்ல நிக்கறது?"ன்னு கேக்கறான்.

சுத்திட்டுப் பதினொன்னரைக்குத் திரும்பி வந்தா, லைப்ரரி வாசப்படியில மூணு பேரு உக்காந்திருக்காங்க. ஊர்வலத்தைப் பாத்துட்டு நெசமாலுமே லைப்ரரிக்கு வந்தவங்க. கதவுல பூட்டு. பூட்டுக்கு மேல ஒரு பேப்பர். ஆபீசர் சொல்லி நானே என் கையால எழுதி ஒட்டினது. என்னன்னு எழுதியிருந்தேன் தெரியுமா?

"என்னன்னு?"

'நூலக விழிப்புணர்வு நாளை முன்னிட்டு இன்று நூலகம் இயங்காது.'

சிரிக்காத. அங்க இருக்கிறதே நான் ஒருத்தி. நான் ஊர்வலத்துக்குப் போனா யாரு தொறக்கறது? அந்த மூணு பேரும் எந்திரிச்சு, மண்ணைத் தட்டி விட்டுட்டுப் போயிட்டாங்க. எப்பவும் போல வந்த நஞ்சப்பன் மாமா மட்டும் நின்னு, "இருபத்தேழு வருசமா வர்றேன் சாந்தாமணி, ஒரு நாளும் என்னைப் பூட்டி வெளிய நிறுத்துனதில்ல. விழிப்புணர்வு வந்துதான் நிறுத்தியிருக்குது"ன்னாரு. அவரு தூங்கற எடம் போச்சேன்னு அவருக்குக் கோவம். எனக்கு யாரு மேல கோவப்படறதுன்னே தெரியல.

"ம். அப்புறம்?"

அப்புறம் ரெண்டாவது கூத்து. ஆபீசர் போன் பண்ணினாரு. "ஊர்வலத்துக்குக் கூட்டம் வரலையா? ஆட்டோவுல மைக் கட்டி அறிவிப்புப் பண்ணுங்க. அடுத்த மாசம் நம்ம நூலகத் திருநாள், அன்னிக்கு எல்லாரையும் வரச் சொல்லுங்க"ன்னாரு. சரீன்னு மைக்செட்டு ராக்கியப்பனைக் கூப்பிட்டேன். நல்ல கொரலு அவனுக்கு. கோயில் நோன்பி, சேலைக் கடைத் தள்ளுபடி, காணாமப் போன எருமை, எதுன்னாலும் அவன்தான். நான் சுத்தமா ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன். 'காரப்பாறை நூலகத்தில் நூல்களைக் கட்டணமின்றிப் பெற்று, படித்துப் பயன்பெற அன்புடன் அழைக்கிறோம்.' இதுல எதாச்சும் தப்பு இருக்குதா, நீயே சொல்லு.

"இல்ல."

தாள்ல தப்பு இல்ல. ராக்கியப்பன் அதை ஆட்டோவுல முன்னாடி வெச்சான், டீயைக் குடிச்சான், டீ கிளாஸை அது மேலயே வெச்சான். சளக்குனு ஊத்திக்கிச்சு. எழுத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. என்கிட்ட வந்து இன்னொரு தாள் வாங்கினா என்ன கொறஞ்சு போயிருவானா? மாட்டானாமா. ஞாபகம் இருக்குதுன்னு அவனே ஆரம்பிச்சுட்டான். "அன்பார்ந்த காரப்பாறைப் பொதுமக்களே, தறித் தொழிலாளர்களே. நாளை காலை பத்து மணிக்கு, நமது நூலகத்தில், நூல் இலவசம். நூல் இலவசம். நூல் இலவசம். இருப்பு உள்ளவரை மட்டுமே. முந்துங்கள்." கடைசியில சொன்னது சேலைக் கடைக்குச் சொல்றது. அவன் வாயில அதுவும் சேந்தே வந்துருச்சு.

மௌனிகா, நம்ம ஊர்ல நூலுன்னா என்ன?

"தறியில போடறது. கோன்ல சுத்தியிருக்கும்."

உனக்கே தெரியுது. ஆறு வயசுப் புள்ளைக்குத் தெரியுது. காலையில ஒம்பதரைக்கு நான் சைக்கிள்ல வர்றேன், லைப்ரரி முன்னால ஜே ஜேன்னு கூட்டம். எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. கண்ணுல தண்ணியே வந்துருச்சு போ. அத்தனை பேரு கையிலும் சாக்குப்பை. அதுவும் நல்லதுன்னே நெனச்சேன், நெறையப் புக்கு எடுத்துட்டுப் போகத்தான் கொண்டாந்திருக்காங்கன்னு நெனச்சேன். ஒருத்தர் குட்டியானை லோடு வண்டியே கொண்டாந்து நிறுத்தியிருந்தாரு. அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கோணும்.

"உறைக்கலையா?"

உறைக்கல. கதவைத் தொறந்தேன், திமுதிமுன்னு உள்ள வந்தாங்க. மேசை மேல நோட்டு இருந்துச்சு. கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்கன்னு யாரோ சொல்ல, ரேசன் கடை வரிசை மாதிரி நின்னு, எரநூத்திப் பதினாலு பேரு கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் எல்லாரும் நிக்கறாங்க. அலமாரியப் பாக்கறாங்க, என்னைப் பாக்கறாங்க. மாராத்தா இருக்கால்ல, மூணாவது குடோன்ல தறி ஓட்டற மாராத்தா, அவதான் கேட்டா. "கோனு எங்க்கா?"

"கோனா?"ன்னேன்.

"நூலுக்கா. ஃப்ரீயாக் குடுக்கறதா மைக்குல சொன்னாங்கல்ல. முப்பதாம் நெம்பரா, நாப்பதாம் நெம்பரா?"

நான் அலமாரியக் கை காட்டி, "இதுதாங்க நூலு"ன்னேன். அந்த நேரத்துல எனக்கு வேற ஒண்ணும் தோணல. அப்புறம் ஆளாளுக்குப் புடிச்சுட்டாங்க. வேலையை விட்டுட்டு வந்தோம், வண்டி வாடகைக்குப் புடிச்சுட்டு வந்தோம், படிச்ச பொம்பளை இப்படி ஏமாத்தலாமான்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு. ராக்கியப்பன் ஆட்டோவை எடுத்துட்டு எந்தப் பக்கம் போனான்னே தெரியல. நஞ்சப்பன் மாமா அந்தக் கூச்சல்லயும் தூங்கினாரு.

சாயங்காலம் ஆபீசர் வந்தாரு. நோட்டைப் பாத்தாரு. எரநூத்திப் பதினாலு. மொகம் எல்லாம் பல்லு. என்னை நோட்டோட நிக்க வெச்சு போட்டோ புடிச்சாரு. "பாத்தீங்களாம்மா, நூலகத் திருநாளோட மகிமை"ன்னாரு. நான், "அவங்க தறி நூலுக்கு வந்தாங்க சார்"னேன். "எதுக்கு வந்தா என்னம்மா, வந்தாங்கல்ல"ன்னாரு. அடுத்த நாள் நோட்டுல எத்தனை கையெழுத்து?

"எத்தனை?"

மூணு. நஞ்சப்பன் மாமாவுக்குக் காச்சல்.

"ம்."

தூக்கம் வருதா? வரலையா. சரி. அப்புறம்தான் மூணாவது. இது ஆபீசர் சொன்னதில்ல, நானாப் போயி மாட்டிக்கிட்டது. ஊரே என் மேல கோவமா இருந்துச்சு. கடைக்குப் போனா, "நூலக்கா வருது, நூலக்கா வருது"ன்னு சிரிக்கிறானுக. அந்தப் பேரு இன்னும் போகல பாரு. எனக்கு மனசு பொறுக்கல. லைப்ரரிக்கு மத்தியானம் பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் பூட்டுத்தான. ஊட்டுக்கு வந்து படுக்கறதை விட்டுட்டு, ஒரு கட்டைப்பையில பத்துப் புக்கைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு குடோனாப் போனேன். நடந்தது தப்புத்தானுங்க, நான் சொன்ன நூலு இதுதானுங்கன்னு சொல்லிட்டு வந்தர்லாம்னு போனேன்.

மொதக் குடோன், டக்கட டக்கட. நான் மன்னிச்சுக்கங்கன்னு சொல்றேன், அவங்களுக்குக் கேக்கல. ரெண்டாவது குடோன், டக்கட டக்கட. மொதலாளி கையை ஆட்டி வெளிய போகச் சொல்லிட்டாரு. மூணாவது குடோன்ல மாராத்தா டீ குடிக்க வெளிய வந்திருந்தா. நான் மன்னிப்புக் கேட்டேன். அவ என் பையைப் பாத்தா. "அன்னிக்கு ஒரு நாளு வேலை போச்சு எனக்கு. சும்மா மன்னிப்பக் கேட்டுட்டுப் போனா ஆச்சா? எதாச்சும் குடுத்துட்டுப் போ"ன்னா. பையில இருந்து ஒண்ணை அவளே உருவிக்கிட்டா. எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ. உறுப்பினர் அட்டை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு பேரை மட்டும் குறிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

அதோட முடிஞ்சிருக்கும். ஆனா அந்த வாரம் கரண்டு ஷட்டவுன். மாசத்துல ஒரு நாள் காலையில ஒம்பது மணிக்கு எடுத்தா சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான குடுப்பாங்க. தறியெல்லாம் டக்குனு நின்னுருச்சு. குடோன் வாசல்ல வேப்பமரத்துக்கடியில முப்பது பேரு சும்மா உக்காந்திருக்காங்க. மாராத்தா அந்தப் புக்கை எடுத்து சத்தமாப் படிச்சாளாமா. ஒரு பொண்ணு, கல்யாணத்துக்கு மொத நாளு மஞ்சப்பையை எடுத்துட்டு ஊட்டை விட்டுப் போற கதை. அவ பஸ் ஸ்டாண்டுல நிக்கறா, எதுத்தாப்புல அவ அப்பன் வர்றான். அந்த எடத்துல கரண்டு வந்துருச்சு. டக்கட டக்கட.

"அப்பன் பாத்துட்டானா?"

எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. முப்பது பேருக்கும் வேலை ஓடல. மாராத்தாகிட்ட ஆளுக்கொரு தரம் வந்து கேக்கறாங்களாமா. அவ பெரிய பிகு பண்ணிக்கிட்டு, "மீதி புக்குல இருக்குது, நான் படிச்சு முடிக்கோணும்"னு சொல்லிட்டா. அடுத்த நாள் மத்தியானம் நான் மூணாவது குடோனுக்குப் போறேன், நாலு பேரு வாசல்லயே நிக்கறாங்க. "நூலக்கா, அதே மாதிரி இன்னொண்ணு இருந்தாக் குடு."

அன்னிக்குப் புடிச்ச சனி. அதுக்கப்புறம் ஒரு நாளும் மத்தியானம் நான் படுத்ததில்ல. தினம் ரெண்டு குடோன், வாரம் பூரா பதினோரு குடோன், மறுபடியும் மொதல்ல இருந்து. மொதல்ல கட்டைப்பை, அப்புறம் சைக்கிளுக்குப் பின்னால பொட்டி. கொண்டு போனாச் சும்மா வாங்குவாங்களா? ஒருத்திக்கு எழுத்துப் பொடியா இருக்குது. இன்னொருத்தனுக்கு பேய்க் கதைதான் வேணும், அதுலயும் பேய் கடைசியில மனுசன்னு வந்தா எடுத்துக்க மாட்டானாமா. திரும்பி வர்ற புக்கைத் தொறந்தா உள்ள பஞ்சு பறக்குது, பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் வெரலு. ஒரு புக்கு ஒரு மாசமாக் காணோம்னு தேடினா, தறி ஆடுதுன்னு காலுக்கடியில முட்டுக் குடுத்து வெச்சிருக்கான் ஒருத்தன். "தடியா இருந்துச்சுக்கா, அதான்"னான். அவனை என்ன பண்றது சொல்லு. இன்னொரு தடி புக்கைக் கையில குடுத்து, இதைப் படி, அதுக்கு ஒரு கட்டையை வெய்யின்னு சொல்லிட்டு வந்தேன். படிச்சான். அதுக்கப்புறம் அவன் தொல்லைதான் ஜாஸ்தி, வாரம் ரெண்டு கேக்கறான்.

ஒரு நாள் விட்டாப் போச்சு. ரெண்டு நாளு எனக்கு ஒடம்பு முடியாமப் படுத்திருந்தப்ப மூணு குடோன்ல பழையபடி செல்போனைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. மறுபடியும் மொதல்ல இருந்து போயி நிக்கோணும். இப்படியே எட்டு மாசம்.

"அதான் மத்தியானம் என்னைக் கூப்பிட ஸ்கூலுக்கு வர்றதில்லையா?"

அதான் வர்றதில்ல. ஏசாத என்னை.

அப்புறம் மார்ச் மாசம் வந்துச்சு. ஆபீசரும் வந்தாரு. நோட்டைத் தொறந்தாரு. சர்ர், சர்ர். தினம் நாலு கையெழுத்து.

"ஏன் நாலு? அவ்வளவு பேரு படிச்சாங்கல்ல?"

அதுதான் உன்ற அத்தை பண்ணின முட்டாத்தனம். புக்கைத்தான் நான் குடோனுக்குக் கொண்டு போயிட்டேனே, அப்புறம் அவங்க எதுக்கு லைப்ரரிக்கு வருவாங்க? லைப்ரரிக்கு வந்தாத்தான் அந்த நோட்டுல கையெழுத்து. ஊரே படிக்குது, நோட்டுல நஞ்சப்பன் மாமாவும் அவரு கூட்டாளிகளும் மட்டும். எட்டு மாசமா ஓடினவளுக்கு இதைப் பாக்கத் துப்பில்ல. ஆபீசர் நோட்டை மூடி வெச்சுட்டு, "அவ்வளவுதாம்மா. மூடிர வேண்டியதுதான்"னாரு.

"ம்."

"சரி, புத்தகத்தை எண்ணிப் பாத்து வண்டியில ஏத்துவோம்"னு எந்திரிச்சு, மொத அலமாரியத் தொறந்தாரு. கிரீச். உள்ள ஒண்ணுமில்ல. ரெண்டாவது அலமாரி. கிரீச். ஒரு பல்லி ஓடுச்சு. மூணாவது அலமாரி. கிரீச். பழைய டெலிபோன் டைரக்டரி ஒண்ணு கெடந்துச்சு. "எங்கம்மா புத்தகம் எல்லாம்?"னு கேட்டாரு, மொகமெல்லாம் வேர்த்துருச்சு. "ஊருக்குள்ள இருக்குதுங்க"ன்னேன். "எல்லாமேவா?"ன்னாரு. "பாதிக்கு மேல"ன்னேன். மனுசன் பெஞ்சுல உக்காந்துட்டாரு.

அவருக்கு என்ன கஷ்டம்னா, ஒரு புக்கு கொறஞ்சாலும் கிளையை மூட முடியாது. எல்லாம் எண்ணி, சரியா இருக்குதுன்னு எழுதி, அதுக்கப்புறம்தான் பூட்டுப் போடோணும். அது அவங்க ரூலு. "பத்து நாள் டைம் தர்றேன். ஒண்ணு விடாமத் திருப்பி வாங்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அந்தப் பத்து நாளு இருக்குதே. காலிப் பொட்டியோட குடோன் குடோனாப் போயி, குடுத்ததைக் குடுங்கன்னு கேக்கறது எப்படி இருந்துச்சுன்னு உனக்குச் சொன்னாப் புரியாது. பத்தாவது நாளு லைப்ரரிக்கே கொண்டாந்து தர்றோம்னு எல்லாரும் சொன்னாங்க. மாராத்தா கேட்டா, "எதுக்கு இப்ப திருப்பிக் கேக்கறே?"

"மூடறாங்க மாராத்தா."

"மூடினா நீ?"

"மலைக்கு மேல போட்டுருவாங்க."

"அண்ணன் புள்ளைய யாரு பாப்பாங்க?"

நான் சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் மூக்கைச் சிந்திட்டே வந்தேன், அதையும் சொல்லிடறேன்.

"அழுதியா அத்தை?"

பின்ன என்ன, சிரிப்பாங்களா?

அப்புறம் பத்தாவது நாளு. ஆபீசர் ஜீப்புல, பின்னால புக்கு ஏத்த ஒரு வேனோட வந்து, மேசை போட்டு அவரே உக்காந்துட்டாரு. ஒம்பது மணிக்கு மொதல் ஆளு மாராத்தா. கையில புக்கு. மேசை மேல வெச்சா. ஆபீசர் டிக்கு அடிச்சாரு. அவ போகல. அங்கயே நிக்கறா. "என்னம்மா?"ன்னாரு. "அடுத்த புக்கு எடுத்துட்டுப் போறனுங்க"ன்னா. அவளுக்குப் பின்னாடி வந்தவன் வெச்ச புக்கை எடுத்து என்கிட்ட நீட்டினா. நான் பேரை எழுதிக் குடுத்துட்டேன்.

"ஏன் குடுத்தே?"

லைப்ரரி தொறந்திருக்கிற வரைக்கும் யாரு கேட்டாலும் குடுக்கோணும் சாமி. அதுவும் ரூலுதான். அப்புறம் பாரு வேடிக்கைய. டீ டைமுக்கு டீ டைமு குடோன்ல இருந்து பத்துப் பத்துப் பேரா வர்றாங்க. ஒண்ணை வெக்கறாங்க, ஒண்ணை எடுக்கறாங்க. தடி புக்குக்காரன் ஒண்ணை வெச்சுட்டு ரெண்டு எடுத்தான். ஆபீசர் டிக்கு, டிக்கு, டிக்குனு அடிக்கிறாரு. அன்னிக்கு மத்தியானமும் பூட்டல, மூணு மணி ஆச்சு. "நானூறு புத்தகம் திரும்பி வந்துருச்சும்மா"ன்னு சந்தோசமா நிமுந்தாரு. மேசையில பாத்தா ஒம்பது புக்கு கெடக்குது. மனுசனுக்கு வந்துச்சு பாரு கோவம். "திருப்பிக் குடுக்கத்தான சொன்னேன்"னு கத்தினாரு.

மாராத்தா அப்பத்தான் ரெண்டாவது தரமா வந்து நிக்கறா. "குடுத்துட்டமுங்களே. எடுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலீங்களே"ன்னா. "இப்பச் சொல்றேன், எடுக்கக் கூடாது. மூடப் போறோம்"னாரு. அவ முந்தானைய இழுத்துச் சொருகிட்டு பெஞ்சுல நஞ்சப்பன் மாமாவுக்குப் பக்கத்துல உக்காந்துட்டா. "அப்ப இதைப் படிச்சு முடிச்சுட்டுத் தர்றனுங்க. எனக்கு மெதுவாத்தான் படிக்க வரும். பூட்டறதுன்னா என்னை உள்ள வெச்சுப் பூட்டிக்கங்க"ன்னா. வாசல்ல நின்னவங்க ஒருத்தரும் நகரல. ராக்கியப்பன், அவனே, போயி எல்லாத்துக்கும் டீ வாங்கியாந்தான்.

ஆபீசர் அந்த டீயைக் குடிச்சாரு. வேர்வையத் தொடச்சாரு. வேனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, கூட்டத்தைப் பாத்தாரு. அப்புறம் பைலைத் தொறந்து எழுதினாரு. என்னன்னு?

"என்னன்னு?"

'நூல்கள் முழுமையாக வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த பின் கிளை மூடப்படும்.' எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலு வெச்சு, என் கையில ஒரு காப்பி குடுத்துட்டு ஜீப்புல ஏறிட்டாரு. ஏறினவரு எறங்கி வந்து, "அந்தப் பொண்ணு பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சே, அந்தப் புத்தகம் யார்கிட்ட இருக்கு?"ன்னு கேட்டாரு. டீ குடிக்கிறப்ப யாரோ பாதிக் கதையைச் சொல்லிட்டாங்க போல. நாலு பேரு முன்னால இருக்காங்க சார், வரிசையில வாங்கன்னு சொல்லிட்டேன்.

"ம்... அப்போ மூடலையா?"

எப்படி மூடறது? இன்னிக்குத் தேதிக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் புக்கு வெளிய கெடக்குது. அலமாரி நெறஞ்சாத்தான் பூட்டு. அதனால அதை நான் நெறைய விடக் கூடாது. இன்னிக்கு வந்த கடுதாசியில என்ன போட்டிருக்காங்க தெரியுமா? வர்ற பதினாலாம் தேதி மறுபடியும் விழிப்புணர்வு நாளு, ஊர்வலம், போட்டோ. ஒரு நாளைக்கு என்னை வெயில்ல நடக்க வெச்சுட்டு அவங்க போயிருவாங்க. மத்த முந்நூத்துச் சொச்ச நாளும் யாரு போறது? நாந்தான் போகோணும். மழை பேஞ்சாலும் போகோணும், கால் வலிச்சாலும் போகோணும். ஒரு வாரம் அசந்தா புக்கெல்லாம் அலமாரிக்கே திரும்பிரும், நான் மலை ஏறிருவேன். மனுசிக்கு எத்தனை எரிச்சல் வரும், நீயே சொல்லு.

"..."

மௌனிகா? தூங்கிட்டியா?

தூங்கல, கண்ணை மூடிட்டுப் படுத்திருக்கே. எனக்குத் தெரியும். உன்ற தலகாணிக்கடியில இருக்கிற யானைப் படம் போட்ட புக்கும் எனக்குத் தெரியும். நேத்தே திருப்பிக் குடுத்திருக்கோணும் நீ. தேதி தாண்டிப் போச்சு. அதைக் கேட்டுத்தான் சாயங்காலம் உன்னைத் திட்டலாம்னு வந்தேன்.

குடுக்காத கண்ணு. மெதுவாப் படி. நாளைக்கு நானே வந்து கேட்டாலும் குடுத்துராத.

அவ்வளவுதான் கதை, பேரு எழுதி உனக்குக் குடுத்தாச்சு. காலை எடுத்து அத்தை மேல போட்டுக்கிட்டுத் தூங்கு.